நார்வேயை ஆள வந்த அரசிக்கு வாழ்த்து

டிஸ்னி நிறுவனத்தாரே, உங்களை வாழ்த்தத்தான் இதை எழுதுகிறேன். ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில் ஓர் ஏரியை வெட்டி, அதைச் சுற்றி ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நடைபாதை போட்டு, 11 நாடுகளைக் கரையில் குடியமர்த்தியவர்கள் நீங்கள். எப்காட் பூங்காவின் ‘வேர்ல்டு ஷோகேஸ்’ பகுதியில் காலையில் மெக்சிகோவுக்குள் நுழைகிறவர் பொழுது சாய்வதற்குள் கனடா வழியாக வெளியே வந்துவிடலாம். விசா வேண்டாம், மொழி தெரிய வேண்டாம், மழைக்கோட்டு கூட வேண்டாம். உலகம் சுற்றுவதை இவ்வளவு எளிதாக்கியவர் உங்களைத் தவிர யாருமில்லை. எளிதானதை இன்னும் எளிதாக்கச் சில ஆண்டுகளாக நீங்கள் செய்துவரும் காரியத்துக்காகவே இந்த வாழ்த்து. நாடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு நாடுகள் குறுக்கே வந்து நிற்காதபடி நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள்.

தொடக்கத்தில் உங்களுக்கு இந்தப் பக்குவம் இல்லை. வால்ட் டிஸ்னி 1966இல் கனவு கண்டது எதிர்காலத்துக்கான ஒரு நகரம். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். நகரம் வரவில்லை, அதன் பெயரில் ஒரு பூங்கா வந்தது. 1982 அக்டோபர் 1 அன்று கதவு திறந்தபோது கரையில் 9 நாடுகள் இருந்தன. மிக்கி மவுஸுக்குக்கூட அங்கே வேலை கொடுக்கவில்லை. மனிதர்கள் கட்டியது, பாடியது, சமைத்தது, கண்டுபிடித்தது, இவையே காட்சிக்குப் போதும் என்று உங்கள் முன்னோர் நினைத்திருந்தார்கள். சீனாவைச் சுற்றிக்காட்டும் படத்தில் வழிகாட்டியாக வந்தவர் தாங் காலத்துக் கவிஞர் லி பாய். பிரான்ஸுக்கு 18 நிமிடப் படம். அதற்கு டெபுஸி, சாத்தி, சேன்-சான்ஸ் ஆகியோரின் இசை. ஐஸ்கிரீம் கையில் வழிய நிற்கும் ஒரு குடும்பத்துக்கு எட்டாம் நூற்றாண்டுக் கவிஞரை அறிமுகம் செய்துவைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! வருகிறவர்களுக்கு அறியும் ஆவல் இருக்கும் என்று நம்பிய துணிச்சல் அது. அந்த நம்பிக்கையின் சுமையைப் பார்வையாளர் தலையிலிருந்து இறக்கிவைத்த கருணை உங்களுடையது.

உங்கள் கருணையை முழுதாக அனுபவித்த நாடு நார்வே. 1988இல் பதினோராவதாகக் கரைக்கு வந்தது. கோல் என்ற ஊரின் இடைக்கால மரத் தேவாலயத்தின் சாயலில் ஒன்று, ஓஸ்லோவின் அகெர்ஷுஸ் கோட்டையின் சாயலில் ஒன்று, உள்ளே ‘மேல்ஸ்ட்ராம்’ என்ற படகுச் சவாரி. வைக்கிங்குகள், காட்டுக்குள் ட்ரோல் பூதங்கள், பனிக்கரடி, திடீரென்று பின்பக்கமாக ஓடும் படகு, புயலடிக்கும் வடகடலில் ஓர் எண்ணெய்க் கிணற்று மேடை, கடைசியில் மீனவர் ஊர். இறங்கியதும் நாட்டைப் பற்றிய 5 நிமிடப் படம். மகத்தான சவாரி என்று அதை யாரும் சொல்லிவிட முடியாது. சின்னது, அவசரமானது, அந்தப் படத்தில் சுற்றுலாத் துறை விளம்பரத்தின் வாடை அடித்தது. படம் ஓடும் மண்டபத்துக்குள் ஒரு கதவால் நுழைந்து, நிற்காமல் மறுகதவால் வெளியேறியவர்களும் உண்டு. ஆனாலும் அந்த எண்ணெய் மேடையை அங்கே வைக்கச் சொன்னவர் யாரோ, அவரை நான் கும்பிடுகிறேன். பூதங்களை நம்பிய மக்கள், மீன் பிடித்துப் பிழைத்த மக்கள், 1969இல் எக்கோஃபிஸ்க் வயலில் எண்ணெய் கண்ட பிறகு வேறொரு வாழ்க்கைக்குள் வந்து சேர்ந்தார்கள் என்பதை ஒரு குழந்தையின் கண்ணுக்கும் காட்டிவிட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

2014 அக்டோபரில் மேல்ஸ்ட்ராமை மூடினீர்கள். 2016 ஜூனில் அதே கால்வாயில், அதே படகுகளில், உங்கள் ‘ஃப்ரோசன்’ படத்தை வைத்துச் செய்த ‘ஃப்ரோசன் எவர் ஆஃப்டர்’ சவாரி வந்தது. அரசி எல்சா, இளவரசி ஆனா, பனிமனிதன் ஓலாஃப், பனி மாளிகை, எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பாட்டு. மணிக்கணக்கில் வரிசை நின்றது. எல்சாவின் நாடான ஆரெண்டெல் எந்த நிலப்படத்திலும் இல்லை. இல்லாத ஒரு நாட்டை இருக்கிற ஒரு நாட்டுக்குள் குடியேற்றி, இருக்கிற நாட்டைப் படகிலிருந்து இறக்கிவிட்டீர்கள். ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை. டென்மார்க்கின் அரசர்கள் 1814 வரை ஏறக்குறைய 400 ஆண்டுகள் நார்வேயை ஆண்டார்கள். அதன்பின் 1905 வரை ஸ்வீடன் அரசர்கள். நார்வே என்ற பெயரை அவர்களால் அழிக்க முடியவில்லை. உங்களுக்கு அது ஓர் அனிமேஷன் படத்தில் கைகூடியது. அந்தப் படத்துக்குத் தூண்டுதலான ‘பனி அரசி’ கதையை எழுதிய ஆன்டர்சனும் டென்மார்க்காரர்தான்.

நார்வேக்குச் சொந்தக் கதை இல்லையா என்று யாராவது கேட்கக்கூடும். அஸ்பியோர்ன்சன், மூ என்ற இரு நண்பர்கள் 19ஆம் நூற்றாண்டில் நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தேடித் திரட்டி அச்சில் ஏற்றினார்கள். வெள்ளைக்கரடியின் முதுகில் ஏறிப் போகும் பெண் அந்தக் கதைகளில் இருக்கிறாள். பாலத்துக்கடியில் காத்திருக்கும் பூதமும், அதை ஏமாற்றிக் கடக்கும் ஆட்டுக்கடாக்களும் இருக்கின்றன. குழந்தைகள் வாய்பிளந்து கேட்கும் கதைகள். அவற்றுக்கு ஒரே ஒரு குறை உண்டு: அவை யாருடைய காப்புரிமையிலும் இல்லை. கடையில் அந்தப் பெண்ணின் நீலக் கவுனை நீங்கள் மட்டுமே விற்க முடியாது. அந்தக் குறையைக் கண்டுகொண்ட உங்கள் கூர்மை எனக்கு வியப்பூட்டுகிறது.

அந்த மரத் தேவாலயத்துக்கும் உங்கள் அன்பு நீண்டது. அதற்குள் இருந்த சிறு காட்சிக்கூடத்தில், படம் வந்த சமயத்தில், நார்வேயின் பண்பாட்டை ‘ஃப்ரோசன்’ படத்துக்கு உந்துதல் தந்த பண்பாடு என்று பெயரிட்டுக் காட்டினீர்கள். ஆயிரம் ஆண்டு மரச்செதுக்கலும் நாட்டுடையும் எதற்காக இந்த உலகில் தோன்றின என்பது வருகிறவருக்கு விளங்கிவிட்டது. அகெர்ஷுஸ் பெயரைத் தாங்கிய சாப்பாட்டு மண்டபத்திலோ இளவரசிகளோடு விருந்து. மேசை மேசையாக வந்து நலம் விசாரிக்கும் அந்த இளவரசிகளில் ஜெர்மானியக் கதையின் ஸ்னோ ஒயிட்டும் பிரெஞ்சுக் கதையின் பெல்லும் உண்டு. ஓஸ்லோக் கோட்டையின் கூரையின் கீழ் நார்வேக்காரர் எவரையும் சந்திக்காமலே வயிறு நிறையலாம்.

நார்வேக்காரர்கள் இல்லாமல் இல்லை. அந்தந்த நாட்டு இளைஞர்களை வரவழைத்து அந்தந்த அரங்கில் வேலைக்கு வைக்கும் வழக்கம் உங்களுடையது. நெஞ்சில் குத்திய பெயர்ப்பட்டையில் சொந்த ஊரும் இருக்கும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். இதற்கென்றே அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விசா உண்டு: 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் உண்டாக்கிய க்யூ விசா. தன் நாட்டின் வரலாற்றையும் பண்பாட்டையும் மரபையும் அமெரிக்கர்களோடு பகிர்ந்துகொள்ள வருகிறவருக்கு 15 மாதம் வரை தங்க அனுமதி. உங்களுக்காகவே பிறந்தது போலிருந்ததால் ‘டிஸ்னி விசா’ என்றே அதைச் சொல்வார்கள். ஆக, பெர்கனிலிருந்தோ ட்ரான்ட்ஹெய்மிலிருந்தோ ஓர் இளம்பெண் கடல் கடந்து வருகிறாள். தன் பாட்டி பேசும் வட்டார வழக்கைப் பற்றி, ஊரின் மீன் சந்தையைப் பற்றி, ஜூன் மாதத்து நள்ளிரவு வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல அவளிடம் எவ்வளவோ இருக்கிறது. நீங்கள் அவளைச் சிரமப்படுத்துவதில்லை. எல்சாவின் வரிசை எந்தப் பக்கம் என்று கை காட்டினால் போதும். ஒரு நாட்டின் பண்பாடு இவ்வளவு லேசாக ஒருவருடைய தோளில் எங்கும் உட்கார்ந்ததில்லை.

மெக்சிகோவுக்கு வருகிறேன். பிரமிடு வடிவக் கட்டடம். உள்ளே எந்நேரமும் அந்தி மயங்கும் ஒரு சந்தை. அதன் ஓரத்தில் ‘காலத்தின் நதி’ என்று பொருள்படும் பெயரோடு 1982 முதல் ஓடிய படகுச் சவாரி. மாயர்களிலிருந்து இன்றைய மெக்சிகோ வரை மிதந்துபோகலாம். 2007இல் அந்த நதிக்கு நீங்கள் ஒரு நோக்கம் கொடுத்தீர்கள். ‘தி த்ரீ கபயேரோஸ்’ என்ற 1944ஆம் ஆண்டுப் படத்தின் மூன்று பறவைகள் மெக்சிகோ சிட்டியில் கச்சேரி செய்யப்போகின்றன. அதில் ஒன்றான டொனால்டு வாத்தைக் காணோம். மற்ற இரண்டும் நாடெங்கும் தேடுகின்றன. பாறைச் சிற்பமும் கோயிலும் கடற்கரையும் திருவிழாவும் பின்னால் நகர, அமெரிக்க வாத்து அங்கங்கே ஊர் சுற்றிக் களித்துக்கொண்டிருக்கிறது. தேடும் இருவரில் ஒருவர் மெக்சிகோச் சேவல். மற்றவர் பிரேசில் கிளி. மூவாயிரம் ஆண்டு நாகரிகத்தின் முன் பார்வையாளருக்கு எழும் கேள்வி வாத்து எங்கே என்பதுதான் என்று ஆக்கியது சாதாரணச் சாதனை அல்ல. ஓல்மெக் சிற்பிகளும் தெனோச்தித்லானைக் கட்டியவர்களும் இத்தனை காலம் எதற்குக் காத்திருந்தார்கள் என்பதற்கு நீங்கள் விடை சொல்லிவிட்டீர்கள்.

மொராக்கோவைப் பற்றிப் பேசும்போது என் குரல் சற்று தழுதழுக்கும். 1984இல் அந்த அரங்கு வந்தபோது மன்னர் இரண்டாம் ஹசன் தன் நாட்டுக் கைவினைஞர்களையே அனுப்பிவைத்தார். மராகேஷின் 12ஆம் நூற்றாண்டுக் குத்துபியா கோபுரத்தின் சாயல், ஃபெஸ் நகர வாயிலின் சாயல், சுவரெங்கும் ஒவ்வொன்றாகக் கையால் வெட்டிப் பதித்த ஓட்டுத் துண்டுகள். மனித உருவம், விலங்கு உருவம் எதுவும் வராத கோல வேலை. பிற நாட்டுக் கட்டடங்கள் பலவற்றில் இரவு வாணவேடிக்கையின்போது விளக்குச் சரம் எரிந்துவந்தது. மொராக்கோக் கோபுரத்தை, அதன் சமயப் பொருள் கருதி, விளக்கில்லாமல் விட்டீர்கள். இந்த ஒன்றுக்கு நான் கொடுக்கும் பாராட்டில் எந்த முள்ளும் இல்லை. அப்படி ஒரு மரியாதை உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கோபுரத்தின் நிழலில் குழந்தைகளைச் சந்தித்துப் படம் எடுத்துக்கொள்பவள் ஜாஸ்மின். அவள் ஊர் அக்ரபா. 1992இல் ‘அலாதீன்’ படத்துக்காகக் கற்பனையாகக் கட்டிய ஊர். அந்தப் படத்தின் முதல் பாட்டில் அரபு நிலத்தை இழிவுபடுத்திய வரி ஒன்றை, அரபு அமெரிக்கர்கள் எதிர்த்த பிறகு, 1993இல் வீடியோவாக வெளியிடும்போது மாற்றினீர்கள். மொராக்கோவின் மேற்குக் கரையில் அலையடிப்பது அட்லாண்டிக். ஜாஸ்மினின் ஊரோ அரபிக்கதைப் பாலைவனம். ஆயிரக்கணக்கான மைல் தூரத்தை அவள் ஒரு நொடியில் கடந்துவிட்டாள், கம்பளம் கூடத் தேவைப்படவில்லை. மொராக்கோவுக்கு ஒரு முகம் வேண்டுமென்றால் தாஞ்சியரில் பிறந்த இப்னு பதூதா இருந்தார். 1325இல் வீட்டை விட்டுக் கிளம்பி, ஏறக்குறைய 30 ஆண்டுகள் நாடு நாடாக நடந்தவர். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, சிவனொளிபாத மலை ஏறி, மதுரைக்கும் வந்து போனவர். உலகம் சுற்றிக்காட்டும் ஒரு பூங்காவுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இந்த மண்ணில் பிறந்ததில்லை. ஆனால் அவர் படத்தில் நடிக்கவில்லை.

பிரான்ஸில் 2021 அக்டோபர் 1 முதல் ‘ரட்டட்டூய்’ படத்து ரெமி என்ற எலி சமையலறையில் ஓடுகிறது. பாரிஸ் டிஸ்னியில் 2014இலேயே வந்த சவாரியின் மறுபதிப்பு. 18 நிமிடப் படம் ஓடும் அரங்கில் இப்போது ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ பாட்டுக் கச்சேரியும் மாறி மாறி நடக்கிறது. ரெமியின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. சமையலை அந்த எலி உண்மையாகவே மதிக்கிறது. சீனாவில் முலான் நிற்கிறாள். அவள் கதையாவது சீனாவின் பழம்பாடலில் பிறந்தது. இவற்றை இதோடு விடுகிறேன்.

குழந்தைகளுக்காகத்தானே என்று உங்கள் பக்கம் நின்று பேசுகிறவர்கள் கேட்பார்கள். நாலு வயதுப் பிள்ளை மரத் தேவாலயத்தின் எதிரே என்ன செய்யும்? நியாயமான கேள்வி, இதற்கு விடை உங்கள் கையிலேயே இருந்தது. 1983இல் இதே எப்காட்டில், எந்தப் படத்திலும் வராத ஃபிக்மென்ட் என்ற ஊதாநிறக் குட்டி டிராகனை உருவாக்கினீர்கள். படம் பார்த்துவிட்டு வராத குழந்தைகள் அதன் மேல் உயிரையே வைத்தார்கள். அந்தக் குழந்தைகள் இன்று தங்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்து அதைக் காட்டுகிறார்கள். தெரியாத ஒன்றின் முன் குழந்தைகள் மிரண்டு ஓடுவதில்லை என்று உலகுக்கு நிரூபித்தவர்களே நீங்கள்தான். தெரிந்ததையே திரும்பத் தருவது என்று பின்னால் முடிவு செய்தது உங்கள் எளிமை.

இந்தியாவுக்கு அந்தக் கரையில் அரங்கு கிடையாது. ஸ்பெயின், இஸ்ரேல், ஆப்பிரிக்காவின் நடுப்பகுதி எல்லாம் ஒரு காலத்தில் திட்டத்தில் இருந்து நின்றுபோயின. முன்பெல்லாம் இந்தியா இல்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது அந்த அரங்கின் வாசலை மனக்கண்ணில் கட்டிப் பார்க்கிறேன்: மரத் தூண், கல் யானை, உள்ளே ஒரு படகு; படகு திரும்பும் இடத்தில் 1967ஆம் ஆண்டு ‘ஜங்கிள் புக்’ படத்து பலூ கரடி ஆடிக்கொண்டிருக்கும். இடம் ஒதுக்காத உங்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

உங்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு எல்லாம் தெரியும். 2013இல் ‘கோகோ’ படத்துக்காக ‘தியா தெ லோஸ் முவெர்தோஸ்’ என்ற மெக்சிகோவின் நீத்தார் விழாப் பெயருக்கே வணிகமுத்திரை கேட்டு மனுப் போட்டீர்கள். எதிர்ப்பு எழுந்ததும் மனுவைத் திரும்பப் பெற்றீர்கள். எதிர்த்துக் கேலிச்சித்திரம் வரைந்த லாலோ அல்கராஸையே படத்துக்கு ஆலோசகராக அழைத்தீர்கள். 2019இல் ‘ஃப்ரோசன்’ இரண்டாம் படத்துக்காக நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளின் தொல்குடிகளான சாமி மக்களின் நாடாளுமன்றங்களோடும் சாமி கவுன்சிலோடும் ஒப்பந்தம் எழுதினீர்கள். அவர்களுடைய அறிஞர்கள் கதையைப் பார்த்தார்கள். வட சாமி மொழியிலேயே படம் வெளிவந்தது. கேட்டுச் செய்வது எப்படி என்பதில் உங்களுக்குப் பாடம் எடுக்க எவராலும் முடியாது. கற்பனை ராஜ்ஜியத்தைப் படமெடுக்கும்போது இத்தனை பேரிடம் கேட்டீர்கள். உண்மையான நாட்டின் பெயர்ப்பலகைக்குக் கீழே அந்த ராஜ்ஜியத்தை நிறுத்திவைத்தீர்கள்.

உங்கள் சொந்த நாட்டில் உங்கள் பணிவு இன்னும் அழகானது. 1993இல் வர்ஜீனியாவில் ஹேமார்க்கெட் என்ற இடத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் மனாசஸ் போர்க்களத்துக்குச் சற்று தூரத்தில், அமெரிக்க வரலாற்றுக்கென்று ஒரு பூங்கா கட்டத் திட்டமிட்டீர்கள். டேவிட் மக்கல்லோ, ஜேம்ஸ் மக்பெர்சன் போன்ற வரலாற்றாசிரியர்கள் எதிர்த்து நின்றார்கள். வீரர்கள் மாண்ட மண்ணுக்குப் பக்கத்தில் கேளிக்கை வேண்டாம் என்றார்கள். 1994 செப்டம்பரில் அந்த இடத்தைக் கைவிட்டீர்கள். நார்வேயின் வரலாற்றாசிரியர்கள் ஆர்லாண்டோவுக்கு அருகில் வசிக்கவில்லை; பாவம், அது அவர்கள் குற்றம்.

ஏரிக்கரையின் நட்டநடுவில் இருப்பது அமெரிக்க அரங்கு. ஏறக்குறைய அரைமணி நேரக் காட்சி. அதை நடத்துகிறவர்கள் பெஞ்சமின் பிராங்க்ளினும் மார்க் ட்வைனும். அசையும், பேசும் இயந்திர உருவங்கள். ஃபிரெடெரிக் டக்ளஸ் அடிமைத்தனத்தைப் பற்றிப் பேசுகிறார். தன் மக்களின் நிலத்தைப் பறிகொடுத்த பூர்வகுடித் தலைவர் ஜோசஃப் பேசுகிறார். சூசன் பி. அந்தோனி பெண்களுக்காகப் பேசுகிறார். முழு உண்மையும் அங்கே இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் பேசுகிறவர்கள் வாழ்ந்தவர்கள். உங்களிடம் 1995ஆம் ஆண்டுப் படத்து பொகாஹன்டஸ் இருக்கிறாள், அழகாகப் பாடுவாள், எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்தவள். அவளை அழைத்து அமெரிக்காவின் கதையைச் சொல்லச் சொல்லவில்லை. டொனால்டு இருக்கிறது, உள்நாட்டுப் போரின் நடுவே அதைத் தொலைத்துவிட்டுத் தேடவில்லை. ஒரு நாட்டின் கதையைப் படப் பாத்திரத்திடம் ஒப்படைப்பது சரியா என்ற கேள்விக்கு இந்த அரங்கைக் கட்டியே நீங்கள் பதில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதிலை நான் மனமார ஏற்றுக்கொள்கிறேன்.

அந்தக் காட்சியில் பிராங்க்ளின் ஒரு படிக்கட்டில் ஏறுவார். 1982இல் ஓர் இயந்திர உருவத்தை அப்படிப் படியேற வைக்க உங்கள் பட்டறையில் எத்தனை பேர் எத்தனை இரவு கண்விழித்திருப்பார்கள்! அந்தப் பட்டறை இன்றும் உங்களிடம் இருக்கிறது. அன்றைக்கு இருந்ததைவிட நூறு மடங்கு வல்லமையோடு. 1911 டிசம்பரில் தென் துருவத்தை அடைந்த நார்வேக்காரர் அமுண்ட்சனைப் பனிச்சறுக்கு மட்டையின் மேல் நிறுத்தவும், மெக்சிகோ மடத்து அறையில் கவிஞர் சோர் ஹுவானாவைப் புத்தகங்களுக்கு நடுவே உட்கார வைக்கவும், இப்னு பதூதாவைக் குத்துபியாவின் நிழலில் கழுதைமேல் ஏற்றி அனுப்பவும் அந்தக் கைகளுக்கு எவ்வளவு காலம் பிடிக்கும்?